கோவிந்தம்மாளின் மத்தியான வீடு

1934ஆம் வருஷம் மாசி மாதம் பதினோராம் தேதி மத்தியானம், பாப்பாரப்பட்டி மாதையன் வீட்டில் களி தின்றுவிட்டுக் கண்ணயர்ந்த கோவிந்தம்மாள் எழுந்தபோது, அவளுடைய இரண்டு உள்ளங்காலிலும் ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அது செம்மண்ணும் சாணியும் பூசிய வீடு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைத் தவிர வேறு சுண்ணாம்பு அதற்குள் வந்ததில்லை. அதுவும் மாமியார் செல்லம்மாளின் சுருக்குப் பையில், முடிச்சுக்குள் முடிச்சாக இருந்தது. வெள்ளையடித்த சுவரைப் பார்க்க வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷன்வரை நடக்க வேண்டும். கோவிந்தம்மாள் அந்தப் பக்கம் போனவள் அல்ல. காலைக் கழுவிக்கொண்டு நிலக்கடலை உரிக்கப் போய்விட்டாள். மறுநாளும் சுண்ணாம்பு இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. பங்குனி பிறப்பதற்குள் அவள் படுக்கிற பாயின் கால்மாட்டில் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு சேர்ந்து, கோழிகள் அதைக் கொத்திவிட்டு ஓடு கெட்டியான முட்டையாக இட்டன. உரலில் போட்டுக் குத்தினாலும் உடையாத முட்டை.

சுண்ணாம்புக்குக் காரணம் ஒரு வீடு. கண்ணை மூடிய மாத்திரத்தில் அவள் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருப்பாள். மேட்டின் மேல் வெள்ளையடித்த ஓட்டு வீடு. மூன்று அறை, கிழக்கே ஜன்னல் வைத்த அடுப்படி, முற்றத்திலேயே கிணறு. நேற்று விட்ட இடத்திலிருந்துதான் இன்று தொடங்கும். திங்கட்கிழமை படி ஏறினால் செவ்வாய்க்கிழமை வாசக்கால், புதன்கிழமை முதல் அறை. உள்ளே ஆளில்லை, சாமானில்லை, ஒரு எறும்புகூட இல்லை. அவள் இரண்டு கையையும் அகல நீட்டிக்கொண்டு நடப்பாள். யார் மேலும் இடிக்காது. மாதையன் வீட்டில் பதினேழு பேர். கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷத்தில் அவளுக்கென்று அங்கே ஆனது சுவரில் ஒரு ஆணி. அதில் அவளுடைய மாற்றுச் சேலை தொங்கும். கொழுந்தன் பெண்டாட்டி பிள்ளை பெற்று வந்த பிறகு அந்த ஆணியிலும் குழந்தைத் துணி ஏறிவிட்டது. கோவிந்தம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே ஆணியைக் கேட்டுச் சண்டை போட அவளுக்கு உரிமையும் இல்லை என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக நினைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருதரம் கண்ட கனா கண்டவருக்கு. அதையே மூன்றுதரம் கண்டால் அது குடும்பத்துக்கு. பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அமுக்கிக்கொண்டால் வீட்டு மாட்டுக்குச் சினை தங்காது. கோவிந்தம்மாள் இருநூற்றுப் பதினாலுதரம் அமுக்கிக்கொண்டாள். கடைசியில் ஒரு சிவப்பு மாடு சினையாக நின்றது. அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. அவள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது.

செல்லம்மாள் அதியமான்கோட்டைக்கு ஆளனுப்பி ஆண்டியை வரவழைத்தாள். ஆண்டி கனாப்பலன் சொல்கிறவர். பாம்புக் கனாவுக்கு முப்பது பலன், பல் விழுகிற கனாவுக்கு ஐம்பது என்றால், வீட்டுக் கனாவுக்கு மட்டும் அவரிடம் நானூற்றுப் பதினெட்டு பலன் இருந்தது. காசு கேட்க மாட்டார். ஒரு வெடைக்கோழியும் அதைச் சாவகாசமாகத் தின்ன ஒரு பகலும் போதும். 1911இலிருந்து அவர் தூங்கியதில்லை. தூங்கினால் கனா வரும், அதற்குப் பலன் சொல்லத் தன்னிடமே கோழி கேட்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார். அவர் வந்து உட்கார்ந்து, கனாவை ஆதியோடந்தமாகக் கேட்டு, கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்த பிறகு வாயைத் திறந்தார்.

"கனாவுல வூடுன்னா வூடு இல்லீங்க. வூடுன்னா பொம்பள ஒடம்பு. மூணு ரூமும் காலியா கெடக்குதுன்னா, அது வவுத்தச் சொல்லுதுங்க. வெள்ளச் சொவரு தாலிக்கு ஆவாது. கெணறுன்னா கண்ணீரு."

அதைத்தானே ஒன்பது வருஷமாக நான் சொல்கிறேன் என்ற மாதிரி செல்லம்மாள் மூத்த மகனைப் பார்த்தாள். மாதையன் குடும்பத்துக்குப் பெரியவர். பெரியவர் என்பதால் ஏற்கெனவே அவர் மனதில் இருந்ததை இப்போது வாயால் சொன்னார். தம்பிக்கு இன்னொரு பெண் பார்க்க வேண்டியதுதான். தம்பி என்பது கோவிந்தம்மாளின் புருஷன் மாதப்பன். அவன் கெட்டவன் அல்ல. யார் எது கேட்டாலும் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்பான்; அண்ணன் சொல்லிவிட்டால் குனிந்து மாட்டுக் குளம்பைப் பார்ப்பான். அன்றைக்கும் குளம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குனிந்து பார்த்துப் பார்த்தே அந்த மாட்டுக்கு வெட்கம் வந்து பின்னங்காலை மறைத்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள்.

கோவிந்தம்மாள் கோழிக் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து ஆண்டிக்கு முன்னால் வைத்தாள்.

"கனாவுல கோழி வந்தா என்னாங்க பலன்?"

"சண்ட வரும் தாயி."

"அப்ப இப்ப நீங்க திங்கறது சண்டைங்களா?"

ஆண்டி காலைக் கடித்து இழுத்தபடி, இது நெசக் கோழி என்றார்.

"அது நெச வூடுங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த கோபம் அவளுக்கு ஏழு வருஷம் ஆறவில்லை. ஒருத்தி ஒரு வீட்டைப் பார்த்தாள், அதில் நடந்தாள், காலில் அதன் சுண்ணாம்பு இருக்கிறது. அதைக் குனிந்து பார்க்க ஒருவருக்கு மனமில்லை, அவள் வயிற்றைத்தான் உற்று உற்றுப் பார்த்தார்கள். அவள் கத்தவில்லை, அழவில்லை. அழுதால் அதையும் கிணற்றுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் களிப்பானைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஆண்டியின் வாயை நினைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மூட்டாமலே உலை கொதித்துவிட்டது. மாவைக் கொட்டிக் கிளறி இறக்கினாள். அதிலிருந்து அந்த வீட்டில் களி அப்படித்தான் வெந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நெருப்பு வாங்க வறட்டியைக் கொண்டுவந்து அவள் முதுகில் ஒற்றி எடுத்துப் போனார்கள். அவளுக்கு நேர் மேலே கூரையில் உட்கார்ந்த ஒரு காகம் வால் கருகிப் பறந்துபோனது. விறகு மிச்சமானதால் அவளைச் சமாதானப்படுத்த வீட்டில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

1936இல் மழை இல்லை. ஊர்க் கிணறுகளில் தவளைகள் வாளியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து கரையில் உட்கார்ந்துவிட்டன. அந்தக் கோடையில் கோவிந்தம்மாள் மத்தியானம் தூங்கி எழும்போது முந்தானை நனைந்திருந்தது. பிழிந்தாள். ஒரு குடம் தண்ணீர் வந்தது. மறுநாள் மூன்று குடம். வைகாசி கடைசியில் ஒரே தூக்கத்துக்கு இருபத்தேழு குடம் பிழிந்தாள்; தண்ணீரில் புதுச் சுண்ணாம்பின் வாசனை லேசாக இருந்தது. கண்ணீர் என்று சொன்ன அதே கிணற்றுத் தண்ணீரில் பதினேழு பேர் குளித்தார்கள், மாடு குடித்தது, கத்தரிச் செடிக்குப் பாய்ந்தது, ஆண்டி ஒருநாள் வந்து சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். கண்ணீர் உப்பாக இருக்குமே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கிடையில் மாதப்பனுக்குப் பெண் பார்க்கிற வேலையும் ஒருபக்கம் நடந்தது. பஞ்ச காலத்தில் எவரும் பெண் கொடுக்க முன்வராததால் அது இழுத்துக்கொண்டே போனது.

தண்ணீர் உள்ளே போனதாலோ என்னவோ, 1938 தொடங்கி மற்றவர்களும் அந்த வீட்டைக் காண ஆரம்பித்தார்கள். முதலில் செல்லம்மாள். ஒரு மத்தியானம் வாயைத் திறந்துகொண்டு தூங்கியவள் எழுந்ததும், அடுப்படி நல்ல விசாலம் என்றாள். அடுத்து கொழுந்தன், அவன் பெண்டாட்டி, ஒவ்வொருவராகப் பதினோரு பேர். எல்லோர் காலிலும் சுண்ணாம்பு. கடைசியாகத்தான் மாதையன் போனார்; போய்வந்து ஒரு நாள் முழுவதும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று அறை, ஒவ்வொன்றும் பன்னிரண்டு முழம், தேக்கு உத்தரம். இதைப் போய் வயிறு என்று சொல்லி வீணாக்கிவிட்டோமே என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. திரும்ப ஆண்டியை வரவழைத்தார். இந்தமுறை இரண்டு கோழி. ஆண்டி முதல் கோழியிலேயே தெளிந்துவிட்டார்.

"வூடுன்னா குலமுங்க. வெள்ளன்னா லச்சுமி. கெணறுன்னா வம்சம் வத்தாதுன்னு அர்த்தம்."

முன்னே என் வயிறு என்று சொன்னீர்களே என்று கோவிந்தம்மாள் கேட்டாள். அது போன பலன், பஞ்சாங்கமே வருஷத்துக்கு ஒன்று வருகிறதே தாயி என்று ஆண்டி இரண்டாவது கோழிக்குக் கையை நீட்டினார். குலம் என்றாகிவிட்ட பிறகு பாகம் பிரிக்க வேண்டியதுதானே பாக்கி. மாதையன், மாதப்பன், கடைசித் தம்பி, சாட்சிக்குப் பங்காளி இரண்டு பேர், ஆக ஐந்து ஆண்கள் களி தின்றுவிட்டுப் புளியமரத்து நிழலில் வரிசையாகப் படுத்தார்கள். ஆளுக்கொரு இடத்தில் அளவுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து குறட்டையும் ஒரே தாளத்தில் போனது. மரத்திலிருந்து பழுக்காத புளி உதிர்ந்தது. எழுந்தபோது கயிறு முழுக்க வெள்ளை. மேற்கு அறை மாதையனுக்கு, அடுப்படியும் கிழக்கு அறையும் ஆத்தா காலம்வரை ஆத்தாளுக்கு, பிறகு கடைசித் தம்பிக்கு. நடு அறை மாதப்பனுக்கு, அதாவது மாதப்பனுக்கு வரப்போகிற புதுப் பெண்டாட்டிக்கு. ஏனென்றால் பென்னாகரம் பக்கத்தில் ஒரு பெண் அமைந்துவிட்டது. ஓட்டு வீட்டில் நடு அறை என்று சொன்னதும் அமைந்தது. கோவிந்தம்மாளையும் மறந்துவிடவில்லை. கிணற்றடியில் ஒரு ஆள் படுக்கிற இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"நான் கண்ட வூடுங்க மாமா அது" என்றாள் அவள்.

"கண்டது நீதான். எந்தக் கூரைக்கிக் கீழ படுத்துக் கண்ட? யாரு களியத் தின்னுட்டுக் கண்ட?" என்றார் மாதையன்.

அந்தக் களி நாலு வருஷமாக அவளுடைய கோபத்தில் வெந்த களி என்று அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் மாதப்பனைப் பார்த்தாள். அவன் மாட்டின் அருகில் போய்க் குனிந்தான். அன்று சாயங்காலம் பாப்பாரப்பட்டியில் ஒன்பது வீட்டுத் தயிர், யாரும் அடுப்பில் வைக்காமலே பொங்கி வழிந்தது.

கல்யாணம் தள்ளித் தள்ளி 1941 வைகாசிக்கு நின்றது. வெள்ளைக்காரன் சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தருமபுரி சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிய வருஷம் அது. சித்திரையில் ஒரு சந்தை நாளில் கோவிந்தம்மாள் உப்பு வாங்கப் போனாள். அங்கே லூர்துமேரி என்று ஒருத்தி, கழுதை மேல் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்து விற்பாள். சூளை வைத்துச் சுண்ணாம்பு சுடுகிற குடும்பம். நாக்கில் வைத்தால் எந்தக் கல், எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவாள். அவள் கோவிந்தம்மாளின் குதிகாலைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தாள். அந்த ஏழு வருஷத்தில் அந்தக் காலைக் குனிந்து பார்த்த முதல் ஆள் அவள்தான்.

"யாரு வூட்டுச் செவுரு இது? நல்ல வேலக்காரன் பூசியிருக்கான்" என்றாள். பிறகு இன்னொரு தரம் நக்கிப் பார்த்துவிட்டு, "இதுல அடுப்புப் பொகையே படலியேக்கா. இன்னும் பாலு காய்ச்சலியா?" என்று கேட்டாள்.

கோவிந்தம்மாள் உப்பைக் கீழே போட்டுவிட்டாள். குடி புகாத வீடு காலியாகத்தானே இருக்கும். அது வயிறும் இல்லை, குலமும் இல்லை; பால் காய்ச்சவில்லை, அவ்வளவுதான். எந்த வீட்டிலும் முதல் அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டவர்தான் அந்த வீட்டுக்குக் குடித்தனக்காரர்; அதுவரைக்கும் வாசக்கால் வைத்தவனுக்கும் அது சொந்தமில்லை, வானத்துக்குத்தான் சொந்தம். இது பாப்பாரப்பட்டியில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஐந்து ஆண்கள் கயிறு பிடித்து அளந்தார்கள், பலன்காரர் மூன்று கோழிக்கு அர்த்தம் சொன்னார், பால் காய்ச்சுவது பெண்கள் காரியம் என்பதால் ஒருவனுக்கும் அது ஞாபகம் வரவில்லை. மாமியாருக்கு வந்திருக்கலாம், அவளோ அடுப்படி தனக்கு எழுதியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஏழு வருஷத்துக்கு முன் நல்லபடியாகக் கன்று போட்டதே சிவப்பு மாடு, அதன் கன்று வளர்ந்து ஈன்று கறந்த பாலை ஒரு சொம்பில் ஊற்றிக்கொண்டு, மூன்று கல், ஒரு கட்டுப் புளியஞ்சுள்ளி, ஒரு தீப்பெட்டி எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு கோவிந்தம்மாள் பாயில் படுத்தாள். என்ன கூத்து என்று கொழுந்தன் பெண்டாட்டி கேட்டதற்கு, தூங்கப் போகிறேன் என்றாள். தீப்பெட்டியில் ஒரே ஒரு குச்சி போதுமாக இருந்திருக்க வேண்டும். சற்றுநேரத்தில் பால் பொங்குகிற வாசனை மாதையன் வீட்டை நிறைத்து, தெருவுக்கு இறங்கி, சந்தைத் திடலைத் தாண்டிப் போனது. வாசனை எட்டிய இடத்தில் குழந்தைகள் பசி மறந்து தூங்கின. ஆனால் மாதையன் வீட்டில் அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்த பதினோரு பேரும் யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போலத் திடுக்கிட்டு எழுந்தார்கள். செல்லம்மாளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. படியில் விழுந்தேன் என்றாள்.

கோவிந்தம்மாள் எழவில்லை. அவள் படுத்திருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிக்கொண்டு வந்து, மூன்றாம் நாள் பாய் மட்டும் இருந்தது. அதே வாரம் பென்னாகரத்திலிருந்து பெண் வீட்டார் ஒன்பது பேர் நடு அறையைப் பார்க்க வந்தார்கள். பக்கத்து வீட்டில் ஆக்கி வாங்கிய விருந்தைப் போட்டு, ஒன்பது பேரையும் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். ஒரு நாழிகை கழித்து ஒன்பது பேரும் எழுந்து, மேடு ஏறினோம், வீடு இருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, தட்டினோம், திறக்கவில்லை என்றார்கள். மாதையனும் படுத்துப் பார்த்தார். அவருக்கும் சாத்திய கதவுதான். ஆத்திரத்தில் தூக்கத்திலேயே காலால் உதைத்து, அவருடைய கட்டைவிரல் நகம் நிஜமாகவே பெயர்ந்துவிட்டது. நொண்டிக்கொண்டே ஆண்டியைக் கூட்டிவந்து, கனாவில் கதவு சாத்தியிருந்தால் என்ன பலன் என்று கேட்டார். கோழி இல்லை, இரண்டு நாளாக அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எரிய வைக்க யாருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆண்டி வெகுநேரம் யோசித்தார். நானூற்றுப் பதினெட்டிலும் தேடினார்.

"கதவு சாத்தியிருக்குன்னு அர்த்தமுங்க" என்றார்.

பெண் வீட்டார் கிளம்பிவிட்டார்கள். ஆண்டி அன்று ராத்திரி முப்பது வருஷத்துக்குப் பிறகு தூங்கினார் என்றும், ஒரு கனாவும் வரவில்லை என்றும் கேள்வி.

கோவிந்தம்மாள் சந்தை நாளில் மட்டும் வருவாள். உப்பு, மிளகாய், லூர்துமேரியிடம் சுண்ணாம்பு. வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் சற்றுச் சாய்வாள், பிறகு மரத்தடியில் யாரும் இருக்க மாட்டார்கள். சண்டைக் காலத்தில் அரிசிப் பங்கீட்டுக்குப் பெயர் எழுத வந்த குமாஸ்தா அவளை மாதையன் குடும்பத்தில் சேர்க்கப் பார்த்தார். சந்தையில் நின்றிருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் களி வாங்கித் தின்றுவிட்டுப் படுத்து எழுந்து, தனிக் குடித்தனம், ஒரு நபர், கதவு இலக்கம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

மாதப்பன்தான் பாக்கி. அண்ணனைக் கேட்காமல் அவன் செய்த முதல் காரியம், மத்தியானம் தூங்கப் பழகியது. முதல் வருஷம் கதவைத் தட்டினான். யார் என்று உள்ளேயிருந்து கேட்டாள். நான்தான் என்றான். இந்த வீடு என்ன என்று கேட்டாள். அவன் எழுந்து வந்து ஆறு மாதம் யோசித்து, மறுபடி போய், உன் மனசு என்றான். கதவு திறக்கவில்லை. அடுத்த வருஷம், என் பாவம் என்றான். திறக்கவில்லை. இன்னொரு வருஷம் ஆண்டியிடமே போய்க் கேட்டுக்கொண்டு போய்ச் சொன்னான். அன்றைக்குக் கதவு சுட்டது, உள்ளங்கையில் கொப்புளத்தோடு எழுந்தான். பிறகு சொல்வதை விட்டுவிட்டான். மாட்டைக் கட்டிவிட்டுப் படுப்பான், மேடு ஏறுவான், வீட்டுக்கு முன்னால் போய் உட்காருவான். குளம்பு பார்க்க அங்கே மாடு இல்லாததால் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி மூன்று வருஷம் பார்த்தான்.

1947 ஆடியில் ஒரு மத்தியானம், தட்டாமலே, கதவைப் பார்த்துப் பேசினான்.

"வடக்கால ஓடு ரெண்டு ஒடஞ்சிருக்குது. மழக்கி முன்ன மாத்தலன்னா செவுரு ஊறிப்பூடும்."

உள்ளே தாழ் விலகியது.

"ஏணி கெணத்தடியில இருக்குதுங்க" என்றாள் கோவிந்தம்மாள்.

அதிலிருந்து மாதப்பன் மத்தியானம் படுக்கப் போகும்போது தலைமாட்டில் நாலைந்து நாட்டு ஓடு அடுக்கிக்கொள்வான்; எழும்போது ஓடு இருக்காது, கையில் சிராய்ப்பு இருக்கும். சில நாள் எழவே மாட்டான். அவன் பாயை யாரும் சுருட்டுவதில்லை. மாதையன்கூடச் சுற்றிக்கொண்டு போவார். அந்த ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தது. பாப்பாரப்பட்டியில் ஒழுகாத கூரை இல்லை. செல்லம்மாள் முறத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். கோவிந்தம்மாள் வீட்டில் ஒழுகவில்லை.